அனைத்தையும் பணயம் வைக்கும் கணம்: போக்கர்த் தொடராட்டத்தின் இறுதிக்கட்டமும் சூது பற்றிய நம் பாடங்களும்

முன்னுரை

திருக்குறளின் சூது அதிகாரத்தையோ பாரதியாரின் பாஞ்சாலி சபதத்தையோ வகுப்பில் நடத்தும் ஆசிரியர்கள் அண்மைக் காலமாக ஒரு வினாவை எதிர்கொள்கின்றனர். தருமன் இறுதியில் தனக்கு எஞ்சியதை எல்லாம் பணயம் வைத்தது தவறா, அல்லது தோற்றுவிட்டதால்தான் அது தவறாகத் தெரிகின்றதா என்பதே அவ்வினா. ஒரு விரிவுரையின் முடிவில் இவ்வினாவை என்னிடம் கேட்ட மாணவர், போக்கர் ஆட்டத்தில் வல்லவர்களே தம்மிடமுள்ள சில்லுகள் அனைத்தையும் ஒரே சீட்டாட்டத்தில் நடுவே தள்ளுகின்றார்களே, அவர்களை யாரும் மூடர் என்பதில்லையே என்று தொடர்ந்தார். சூது தீது என்று கூறி நான் அன்று அவரை அனுப்பிவிட்டேன். நான் கூறியது உண்மை. ஆயினும் அவர் கேட்டதற்கு அது விடையன்று.

போக்கர்த் தொடராட்டத்தின் இறுதிக்கட்டத்தில் ஓர் ஆட்டக்காரர் அனைத்தையும் பணயம் வைப்பது எப்பொழுது அறிவுடைய செயலாகின்றது, எப்பொழுது ஆகாது என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். ஆட்டத்தைப் பரிந்துரைப்பது நோக்கமன்று. முடிவெடுத்தலின் கணிதம் இவ்விடத்தில் மிகத் தெளிவாகப் புலப்படுகின்றது என்பதும், அத்தெளிவு நம் பாடங்களைப் படிப்பிக்க உதவும் என்பதுமே இதனை எடுத்துக்கொண்டதற்குக் காரணம்.

ஆட்டத்தின் அமைப்பு

இன்று பெரிதும் ஆடப்படுவது டெக்சஸ் ஹோல்டெம் என்னும் வகை. ஒவ்வொருவருக்கும் மறைவாக இரண்டு சீட்டுகள் தரப்படும். மேசையின் நடுவே ஐந்து பொதுச் சீட்டுகள் படிப்படியாகத் திறக்கப்படும். இவ்வேழில் சிறந்த ஐந்தைக் கொண்டவர் வெல்வார். ஆயினும் பந்தயத்தை உயர்த்தும்பொழுது ஏனையோர் அனைவரும் தம் சீட்டுகளைக் கைவிட்டால், சீட்டைக் காட்டாமலே வெற்றி கிட்டும். இந்த இரண்டாவது வழி பின்னர் நமக்கு முதன்மையாகத் தேவைப்படும்.

தொடராட்டம் பிறவகைச் சூதாட்டங்களிலிருந்து ஓர் அடிப்படையில் வேறுபடுகின்றது. ஆட்டக்காரர் நுழைவுக் கட்டணத்தை முன்னரே செலுத்திவிடுகின்றார். லாஸ் வேகாஸில் 1970-இல் தொடங்கப்பெற்ற உலகப் போக்கர்த் தொடரின் முதன்மைப் போட்டிக்கு அது 10,000 அமெரிக்க வெள்ளி. அதற்கு ஈடாக எல்லாருக்கும் ஒரே அளவில் சில்லுகள் தரப்படும். இச்சில்லுகளைப் பணமாக மாற்றிக்கொண்டு இடையில் எழுந்து செல்ல இயலாது. சில்லு தீர்ந்தவர் வெளியேற, எஞ்சியோர் முடிவு வரிசைப்படி பரிசு பெறுவர்.

காத்திருப்பின் விலை

நல்ல சீட்டு வரும்வரை பொறுமையாகக் காத்திருப்பதே அறிவுடைமை என்று புதியவர் எண்ணுவர். இவ்வெண்ணத்தை முறியடிப்பது கட்டாயப் பந்தயம். பிளைண்டு எனப்படும் இதனைச் சீட்டு பார்ப்பதற்கு முன்பே இருவர் வைத்தாக வேண்டும்; ஒருவர் சிறியதையும் அடுத்தவர் அதன் இருமடங்கையும் வைப்பர். இப்பொறுப்பு மேசையைச் சுற்றி வரும். அத்துடன் குறித்த கால இடைவெளியில் இதன் தொகை உயர்ந்துகொண்டே செல்லும்.

பெரிய பிளைண்டை ஓர் அலகு எனக் கொள்வோம். ஒன்பதின்மர் அமர்ந்துள்ள மேசையில், ஒன்பது ஆட்டங்களுக்கு ஒருமுறை ஒவ்வொருவரும் ஒன்றரை அலகை இழக்கின்றனர். இரண்டு ஆஸ் சீட்டுகளைப் பெறும் நிகழ்தகவு 221-இல் ஒன்று. 221 ஆட்டங்கள் என்பன ஏறத்தாழ இருபத்து நான்கரைச் சுற்றுகள். அவற்றைச் சும்மா இருந்து கடப்பதற்கு மட்டும் ஏறக்குறைய 37 அலகுகள் வேண்டும். கையில் பத்து அலகுகளே வைத்திருப்பவர் ஏழு சுற்றுக்கூடத் தாங்கமாட்டார். அவருக்கு எஞ்சியுள்ள அறுபது ஆட்டங்களுக்குள் இரண்டு ஆஸ் ஒருமுறையேனும் வருவதற்கான வாய்ப்பு நான்கில் ஒன்றுக்கும் சற்றுக் குறைவு. பிளைண்டு உயரும் என்பதை இக்கணக்கில் நான் சேர்க்கவில்லை. சேர்த்தால் நிலை இன்னும் மோசமாகும்.

ஒருவர் இன்னும் எத்தனை சுற்று உயிர்வாழலாம் என்பதைக் காட்டும் இவ்வளவைக் கணித அறிஞரும் பேக்கேமன் வல்லுநருமான பால் மேக்ரியலின் பெயரை ஒட்டி எம் என்ற எழுத்தால் குறிப்பர். 1995-இல் முதன்மைப் போட்டியை வென்ற டான் ஹாரிங்டன் தம் நூலில் இதனை விரித்துரைத்த பின்னர் இது பரவலாயிற்று. எம் ஐந்துக்கும் கீழே இறங்கியவர் சிவப்பு மண்டலத்தில் உள்ளார் என்பது அவர் வகுத்த எல்லை. அங்குச் சிறு பந்தயங்களுக்கு இடமில்லை. அனைத்தையும் வைப்பது அல்லது கைவிடுவது என்ற இரண்டே வழிகள் உள்ளன.

இவ்விடத்தில் காலமறிதல் அதிகாரத்தின் கொக்கு நம் நினைவுக்கு வராமல் இராது. ஆனால் உவமையை அப்படியே எடுத்துக்கொள்வதில் ஒரு தடை உண்டு. கொக்கு காத்திருப்பதற்கு எந்த விலையும் தருவதில்லை. போக்கர் மேசையிலோ காத்திருக்கும் ஒவ்வொரு சுற்றுக்கும் கொக்கின் இறகு ஒன்று பிடுங்கப்படுகின்றது எனலாம். எனவே உரிய காலம் என்பது மீன் வரும் காலம் மட்டுமன்று. பாய்வதற்குச் சிறகு எஞ்சியிருக்கும் காலமும் ஆகும்.

அச்சுறுத்தும் வலிமை

மேற்கூறியதை ஒரு சிறு கணக்கால் விளக்கலாம். ஆட்டம் நம் வரைக்கும் வந்துவிட்டது. ஏனையோர் அனைவரும் சீட்டைக் கைவிட்டனர். நாம் சிறிய பிளைண்டில் இருக்கின்றோம். எதிரே பெரிய பிளைண்டில் ஒருவர் மட்டும் உள்ளார். இருவரிடமும் பிளைண்டு வைப்பதற்கு முன் பத்து அலகுகள் இருந்தன. நாம் கைவிட்டால் நம்மிடம் ஒன்பதரை அலகுகள் எஞ்சும். அனைத்தையும் வைத்து, எதிரி கைவிட்டால் நம்மிடம் பதினோர் அலகுகள் சேரும். எதிரி ஏற்றுக்கொண்டால் இருபது அல்லது சுழியம். (சமமாக முடியும் ஆட்டங்களை இங்கு ஒதுக்கிவிடுகின்றேன்.)

எதிரி நூற்றுக்கு அறுபது முறை கைவிடுவார் என்றும், ஏற்கும்பொழுது நாம் நூற்றுக்கு நாற்பது முறைதான் வெல்வோம் என்றும் கொள்வோம். கைவிடுவதால் கிட்டும் பங்கு 11-இன் அறுபது விழுக்காடு, அதாவது 6.6. ஏற்பதால் கிட்டும் பங்கு 20-இன் பதினாறு விழுக்காடு, அதாவது 3.2. கூட்டினால் 9.8. இது ஒன்பதரையைவிட மிகுதி. சீட்டுகள் மோதும்பொழுது நாமே பெரும்பாலும் தோற்போம் என்று அறிந்திருந்தும், அனைத்தையும் வைப்பதே சராசரியில் ஆதாயமாகின்றது. இந்த ஆதாயத்தைத் தருவது நம் சீட்டன்று, எதிரியின் அச்சம்.

அந்த அச்சம் எதனால் எழுகின்றது? பத்து அலகுகள் வைத்து ஆடும்பொழுது எதிரி மேலும் ஒன்பது அலகுகளைச் செலுத்தித்தான் மேசைமேல் உள்ள பதினொன்றுக்குப் போட்டியிட வேண்டும். அவருக்கு நூற்றுக்கு 45 வெற்றி வாய்ப்பாவது தேவை. நாம் தயங்கித் தயங்கி மூன்று அலகுகளுக்கு இறங்கிவிட்டோமாயின், அவர் இரண்டு அலகுகளைச் செலுத்தி நான்கிற்குப் போட்டியிடலாம். மூன்றில் ஒரு பங்கு வாய்ப்பே போதும். அது ஏறத்தாழ எந்த இரண்டு சீட்டுகளுக்கும் உண்டு. அவர் ஏன் அஞ்ச வேண்டும்? அனைத்தையும் வைப்பது அப்பொழுதும் ஒருவேளை சரியான செயலே. ஆனால் அது வெறும் சீட்டின் தயவில் நிற்கும் செயலாகிவிடுகின்றது. ஆகவே வல்லவர்கள், வலிமை முற்றும் குன்றிய பின் அன்றி, எதிரியை எண்ணவைக்கும் அளவுக்கு அது எஞ்சியிருக்கும்பொழுதே அனைத்தையும் வைக்கின்றனர். வெளியிலிருந்து பார்ப்போர்க்கு இது அவசரம்போல் தோன்றுகின்றது.

சில்லும் பணமும்

இதுவரை சில்லுகளைக் கொண்டே கணக்கிட்டோம். ஆனால் தொடராட்டத்தில் இரட்டிப்பான சில்லு இரட்டிப்பான பணம் ஆகாது. இது புதியவர்களுக்கு மட்டுமன்றி நெடுநாள் ஆடியவர்களுக்கும் எளிதில் வசப்படுவதில்லை என்பதால் சற்று விரிவாகவே நோக்குவோம்.

நால்வர் எஞ்சியுள்ளனர். எல்லாரிடமும் சமமான சில்லுகள். பரிசுத்தொகை 100 வெள்ளி. முதலிடத்துக்கு 50, இரண்டாம் இடத்துக்கு 30, மூன்றாம் இடத்துக்கு 20, நான்காமவருக்கு ஒன்றுமில்லை. நால்வரும் சமம் என்பதால் ஒவ்வொருவரின் நிலைக்கும் மதிப்பு 25 வெள்ளி. இப்பொழுது இருவர் அனைத்தையும் வைத்து மோதுகின்றனர். தோற்றவர் வெறுங்கையுடன் எழுகின்றார். வென்றவரிடம் மொத்தச் சில்லில் பாதி சேர்கின்றது. அவர் நிலையின் மதிப்பு 50 வெள்ளி ஆகுமா? ஆகாது. முதற்பரிசே அவ்வளவுதான், அதனை அவர் இன்னும் வெல்லவில்லை.

இதனைக் கணக்கிடக் குதிரைப் பந்தய முடிவுகளுக்காக ஹார்வில் என்பார் 1973-இல் வெளியிட்ட முறை பயன்படுகின்றது. முதலிடம் பெறும் வாய்ப்பு சில்லின் விகிதத்தில் அமையும்; ஒருவர் முதலிடம் பெற்றார் எனக் கொண்டபின் இரண்டாம் இடத்திற்கு எஞ்சியோரின் விகிதம் பார்க்கப்படும். நம் வெற்றியாளர் முதலிடம் பெற வாய்ப்பு இரண்டில் ஒன்று, இரண்டாம் இடத்திற்கு மூன்றில் ஒன்று, மூன்றாம் இடத்திற்கு ஆறில் ஒன்று. இவற்றால் அவர் நிலையின் மதிப்பு 25, 10, 3.33 ஆகியவற்றின் கூட்டுத்தொகை, அதாவது 38.33 வெள்ளி.

25 வெள்ளியை வைத்து, வென்றால் 38.33 பெறுகின்றார், தோற்றால் எல்லாம் போகின்றது. இம்மோதல் நட்டமின்றி அமைய நூற்றுக்கு 65-க்கும் சற்று மேல் வெற்றி வாய்ப்பு வேண்டும். எதிரி தம் சீட்டைப் பாராமலே அனைத்தையும் தள்ளுகின்றார் என்று நமக்கு உறுதியாகத் தெரிந்தாலும், வெவ்வேறு இனத்தைச் சேர்ந்த ஆஸ், ராஜா என்னும் இரு சீட்டுகள் இவ்வெல்லையைத் தொட்டும் தொடாமலும் நிற்கும். இரண்டு ஐந்துகள் அறுபதளவிலேயே நின்றுவிடும். அவற்றைக் கைவிட வேண்டும். சில்லை மட்டும் எண்ணுபவருக்கு இது கோழைத்தனமாகத் தோன்றும்.

மிக வியப்பானது மற்றொன்று. இம்மோதலில் கலவாது அமர்ந்திருந்த ஏனைய இருவரின் நிலை 25 வெள்ளியிலிருந்து தலைக்கு 30.83 வெள்ளியாக உயர்ந்துவிட்டது. மோதியவர்கள் இழந்த மதிப்பு அவர்கள் பக்கம் சென்றது. மேசையில் அனைத்தையும் வைப்போர் தம்மை அறியாமல் வேடிக்கை பார்ப்போருக்கு ஈகின்றனர்.

தெரிந்துசெயல்வகை அதிகாரத்தில், வரப்போகும் ஆக்கத்தைக் கருதி இருக்கும் முதலை இழக்கும் செயலை அறிவுடையோர் மேற்கொள்ளார் என்னும் கருத்து இடம்பெறுகின்றது. இக்கருத்தை வெறும் எச்சரிக்கையாகவே நாம் பொதுவாகப் படிப்பிக்கின்றோம். இழக்கும் ஒன்று, பெறும் அதே அளவான ஒன்றைவிட விலையுயர்ந்தது என்னும் கணிதக் கூற்றாகவும் அதனைக் காண இயலும். 1738-இல் டேனியல் பெர்னூலி புனித பீட்டர்ஸ்பர்க் கல்விக்கழக வெளியீட்டில், செல்வம் பெருகப் பெருக அடுத்த நாணயம் தரும் பயன் குறையும் என்று எழுதினார். அவர் மனித மனத்தைப் பற்றிக் கூறினார். தொடராட்டத்திலோ பரிசுப் பட்டியலே அவ்வளைவை உண்டாக்கிவிடுகின்றது.

அவ்வாறெனில் முந்தைய பகுதியும் இப்பகுதியும் முரண்படவில்லையா? ஒன்று விரைந்து வை என்கின்றது. மற்றொன்று வையாதே என்கின்றது. முரண் தோற்றமே. முதலில் தள்ளுபவருக்கு இரண்டு வழிகளில் வெற்றி உண்டு: எதிரி கைவிடலாம், அல்லது சீட்டு வெல்லலாம். ஏற்பவருக்கோ சீட்டு ஒன்றே வழி. ஆகவே ஒரே சீட்டுகளைக் கொண்டு தள்ளலாம், ஆனால் ஏற்கக்கூடாது என்னும் நிலை அடிக்கடி நேர்கின்றது. எதிரியும் இதே கணக்கை அறிந்தவராயின் நம் தள்ளல் மேலும் வலிமை பெறுகின்றது; அறியாதவராயின், எதற்கும் ஏற்றுக்கொள்பவராயின், அந்த வலிமை மறைகின்றது. எதிரியின் அறிவின்மை நமக்குக் கேடாக முடியும் அரிய இடங்களுள் இது ஒன்று.

இருவர் மட்டும் எஞ்சும்பொழுது

இறுதியில் இருவர் எஞ்சினால் இத்தடை முற்றும் நீங்கிவிடுகின்றது. இரண்டாம் பரிசு இருவருக்கும் உறுதி. எஞ்சிய வேறுபாட்டிற்கே போட்டி. சில்லும் பணமும் மீண்டும் ஒரே விகிதத்தில் செல்கின்றன. 2003-ஆம் ஆண்டு முதன்மைப் போட்டியில் 839 பேர் கலந்துகொண்டனர். இறுதியில் எஞ்சிய இருவருள் ஒருவர் இணையவழித் தகுதியாட்டத்தின் மூலம் நுழைந்த கணக்காளர் கிறிஸ் மணிமேக்கர். மற்றவர் தொழில்முறை ஆட்டக்காரர் சாம் ஃபர்ஹா. முதற்பரிசு 2.5 மில்லியன் அமெரிக்க வெள்ளி, இரண்டாம் பரிசு 1.3 மில்லியன். ஓர் ஆட்டத்தில் ஐந்து பொதுச் சீட்டுகளும் திறந்த நிலையில், ஒரு ஜோடிகூட அமையாத மணிமேக்கர் அனைத்தையும் நடுவே தள்ளினார். ஃபர்ஹாவிடம் ஒன்பது ஜோடி இருந்தது. நெடுநேரம் எண்ணிப் பார்த்து அவர் கைவிட்டார். மணிமேக்கர் பின்னர்ப் பட்டம் வென்றார்.

இந்நிகழ்வு துணிவின் கதையாகவே எங்கும் கூறப்படுகின்றது. நால்வர் எஞ்சியிருந்தபோது இதனையே செய்திருந்தால் அதன் கணக்கு வேறு என்பதைக் கூறுவோர் சிலரே. அடுத்த ஆண்டுகளில் இப்போட்டிக்குத் திரண்ட கூட்டத்திற்கு (2024-இல் 10,112 பேர்) இக்கதை ஒரு காரணம். அவர்களுள் எத்தனை பேர் துணிவை மட்டும் கற்று வந்தனர் என்று எண்ணாதிருக்க முடியவில்லை.

ஆடித்தான் ஆகவேண்டும் என்றால்

மாணவர் வினாவிற்கு இனி வருவோம். லெஸ்டர் டூபின்ஸ், லியனார்ட் சேவேஜ் ஆகிய இரு கணித அறிஞர்கள் 1965-இல் ஒரு நூல் வெளியிட்டனர். ஆடித்தான் ஆகவேண்டும் என்றால் எவ்வாறு ஆடுவது என்பதே அதன் தலைப்பின் பொருள். நமக்குப் பாதகமான ஓர் ஆட்டத்தில் குறித்த ஒரு தொகையை எட்டியே தீரவேண்டும் எனில், சிறுகச் சிறுக ஆடுவதினும் பெருந்தொகையாகத் துணிந்து ஆடுவதே மேல் என அதில் நிறுவினர். அமெரிக்கச் சுழல்வட்டில் 38 குழிகளுள் 18 சிவப்பு. 20 வெள்ளியை 40 ஆக்க விரும்புவோர் அனைத்தையும் ஒரே முறை சிவப்பில் வைத்தால் வெற்றி வாய்ப்பு நூற்றுக்கு 47-க்கு மேல். ஒவ்வொரு வெள்ளியாக வைத்தால் அது நூற்றுக்கு 11-ஐக்கூட எட்டாது. பாதகமான ஆட்டத்தில் நீடிப்பதே பெரும் நட்டம்.

இக்கணக்கின்படி பார்த்தால், வஞ்சகக் காய்களின் முன் அமர்ந்த தருமன் இறுதியில் துணிந்தது சரியா? பாஞ்சாலியை வைத்தால் இழந்ததை எல்லாம் மீட்கலாம் என்று சகுனி ஆசை காட்டும் இடம் இதற்கு இசைவாகவே தோன்றுகின்றது. எட்ட வேண்டிய தொகை உண்டு, ஆட்டம் பாதகமானது, ஒரே வீச்சு.

ஆயினும் அந்நூலின் தலைப்பில் உள்ள நிபந்தனையை நாம் தவறவிடக்கூடாது. போக்கர் மேசையில் ஆடியே ஆகவேண்டிய நிலையைப் பிளைண்டு உண்டாக்குகின்றது. எழுந்து செல்வோர் எதையும் எடுத்துச் செல்ல இயலாது. அத்தினாபுர மண்டபத்தில் நாட்டை இழந்தபின் தருமனைத் தடுத்தது எது? அழைப்பை மறுக்கலாகாது என்னும் மரபு அவன் அமர்ந்ததற்குக் காரணம் ஆகலாம். தம்பியரை ஒருவர்பின் ஒருவராக வைத்ததற்குக் காரணம் ஆகாது. இழக்குந்தோறும் விருப்பம் மிகும் என்று சூது அதிகாரத்தின் இறுதிக் குறள் சுட்டும் மனநிலையே அங்குச் செயல்படுகின்றது. தம் இழப்போடு சமாதானம் ஆகாதவர் வேறு சமயத்தில் ஏற்கவே ஏற்காத பந்தயங்களை ஏற்பர் என்று டேனியல் கானமன், ஏமோஸ் ட்வெர்ஸ்கி ஆகியோர் 1979-இல் எழுதியதும் இதனையே. போக்கர் ஆட்டக்காரர் முன்நோக்கிக் கணக்கிடுகின்றார்: இனிக் காத்திருந்தால் என்ன ஆகும்? தருமன் பின்நோக்கிக் கணக்கிட்டான்: இழந்தது எவ்வளவு? இருவரும் அனைத்தையும் வைத்தனர் என்பதால் இருவர் செயலும் ஒன்றாகிவிடாது.

மற்றொரு வேறுபாடும் உண்டு. என் நோக்கில் இதுவே பெரிது. போக்கரில் மேசைமேல் இருப்பது மட்டுமே பணயம் என்னும் விதி உண்டு. நடு ஆட்டத்தில் சட்டைப்பையில் இருப்பதையோ வீட்டில் இருப்பதையோ எவரும் கொணர முடியாது. அனைத்தும் என்ற சொல்லுக்கு அங்கு ஓர் எல்லை வரையப்பட்டுள்ளது. 1982-இல் ஜாக் ஸ்ட்ராஸ் தம் சில்லுகளை எல்லாம் இழந்து எழுந்தபோது கைத்துணியின் கீழ் ஒற்றைச் சில்லு ஒன்று கிடந்ததாகவும், அனைத்தையும் வைக்கின்றேன் என்று அவர் வாய்திறந்து கூறியிராமையால் தொடர்ந்து ஆட அனுமதிக்கப்பட்டதாகவும் கூறப்படுகின்றது. அவ்வாண்டு பட்டம் வென்றவர் அவரே. எது மேசைமேல் இருந்தது, எது கூறப்பட்டது என்பதில் அவ்வளவு நுணுக்கம்.

பாஞ்சாலி அவைக்கு அனுப்பிய வினா இதுவேயன்றோ? தன்னை முதலில் இழந்துவிட்டு என்னை வைத்தாரா, என்னை வைத்தபின் தன்னை இழந்தாரா என்று அவள் கேட்டாள். தன்னையே இழந்தவனுக்கு வைப்பதற்கு எது எஞ்சியிருந்தது. அவள் எப்பொழுதாவது அம்மேசைமேல் இருந்தாளா? வியாச பாரதத்தில் பீஷ்மர் அறத்தின் வழி நுண்மையானது என்று கூறி, தெளிவான விடை தர இயலாது தயங்குகின்றார். அடுத்த முறை அம்மாணவர் வகுப்பிற்கு வரும்பொழுது இவ்வினாவிலிருந்தே தொடங்கலாம் என்றிருக்கின்றேன்.